சபீனாவின் தையல் ஒழுகிய கதை

போவாஸ் கரையேறி, ஒற்றையாள் தோல்படகான கயாக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்க் கல்மேடையில் கவிழ்த்துவிட்டு, நேராக வீட்டுக்குள் நுழைந்து சொன்னான்:

"உன் தையல் விட்டுப்போச்சு. உள்ள தண்ணி வருது."

சபீனா அப்போது அடுப்பில் கடல்நாய்க் கறிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஓடியிருக்க மாட்டாள். கஞ்சி வாயில் வைக்க வழங்கவில்லை என்று சொல்லியிருந்தால், நாளைக்கு நீயே காய்ச்சிக் குடி என்று சொல்கிற பெண்தான் அவள். ஆனால் பனிக்கடல் ஓரத்து இக்கெரக் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துத் தையல் விட்டுப்போச்சு என்று சொன்னால், புருஷனைக் கொல்லப் பார்த்தாய் என்று சொன்ன மாதிரி. ஆண்கள் மரச்சட்டம் கட்டுவார்கள், ஈட்டி செதுக்குவார்கள், வாய் கிழிய வீரம் பேசுவார்கள். அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது என்னவோ ஒரு தோல்தான். அந்தத் தோலைத் தைக்கிறவள் வீட்டுக்காரி.

கயாக்கை நிமிர்த்தி, ஆள் இறங்கி உட்காரும் அதன் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். ஈரம் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், விலாக்கட்டைகளின் இடுக்கு எல்லாம் தடவினாள். போவாஸ் உட்காருவதற்கு விரித்திருந்த மான்தோலை உருவி எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"எங்க தண்ணி? உக்காருற தோல் கூட நனையலையே" என்று திரும்பி வந்து கேட்டாள்.

"வந்துச்சு. முதல்ல பாதம். அப்புறம் முழங்கால். அப்புறம் தொடை. சில்லுன்னு ஏறுச்சு. தண்ணிக்கும் காத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நான்?"

"வந்த தண்ணி எங்க போச்சு?"

"வந்த வழியாவே போயிருக்கும். எனக்கென்ன தெரியும்? தைச்சவ நீ."

வந்த வழியாகவே திரும்பிப் போகிற தண்ணீரைச் சபீனா கேள்விப்பட்டதில்லை. ஆனால் போவாஸ் பொய் சொல்கிற ஆளும் இல்லை. கடல் கொந்தளிக்கிற நாளில் மற்றவர்கள் எல்லாம் கரையில் உட்கார்ந்து குழாயில் புகை பிடித்துக்கொண்டிருக்க, அவன் ஒருவன் இறங்குவான். அலை கவிழ்த்துவிட்டால், தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே துடுப்பை ஒரு சுழற்று சுழற்றி நிமிர்ந்து உட்காருவான். துடுப்பு கைநழுவிப் போனால் வெறுங்கையால் நிமிர்வான். அவனுடைய தோல்சட்டையின் விளிம்பைக் கயாக்கின் வாய்வளையத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருப்பதால் மேலிருந்து ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை. மேலிருந்து வரவில்லை என்றால் கீழிருந்துதான் வந்திருக்க வேண்டும். கீழே இருப்பது சபீனாவின் தையல். எந்தப் பக்கம் சுற்றி யோசித்தாலும் அவள் அங்கேதான் வந்து நின்றாள்.

மறுநாள் நீளத் தையல் முழுவதையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தைக்க உட்கார்ந்தாள். அந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது இரட்டைத் தையல். நரம்பு நூலைக் கோத்த ஊசி ஒரு தோலின் பாதி கனத்துக்குள் நுழைந்து, வெளிப்பக்கம் மூக்கை நீட்டாமல், உள்ளேயே வளைந்து திரும்ப வேண்டும். ஊசி எட்டிப்பார்த்த இடத்தில் கடலும் எட்டிப்பார்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். சபீனாவின் ஊசி எட்டிப்பார்த்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. தெற்கே தன் ஊரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த முதல் வசந்தத்திலேயே ஊர்ப் பெண்கள் தோல்களைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவர்கள் போய்க்கொண்டிருந்த வாசல் போவாஸின் அண்ணன் தீத்துஸ் வீட்டு வாசல். அவன் மனைவி அமாலியா அந்த வசந்தத்தை இன்னும் மறக்கவில்லை.

அவள் வந்து நிற்காமல் இருப்பாளா? வந்து நின்றாள்.

"என்ன தங்கச்சி, இப்பத்தான் தைச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள பிரிச்சிட்ட?"

"கொஞ்சம் இறுக்கி விடலாம்னு அக்கா."

"இறுக்கு, இறுக்கு. என் தையல் ரெண்டு குளிர்காலம் தாங்குது. ஆனா பாக்க அழகா இருக்காது பாரு. உன்னோடது அழகு."

சும்மா சொல்லக்கூடாது, அமாலியாவின் தையலும் கெட்டிதான். அவள் நாக்குதான் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அவள் போன கையோடு விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போன இடத்தில் பெண்கள் சபீனாவைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள்.

அதற்கப்புறம் தொடர்ந்து காற்று அடித்தது. போவாஸ் தினமும் போனான். கொழுத்த கடல்நாய்களைக் கயாக்கின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். சட்டையில் உப்புப் பூத்து, உதட்டில் சிரிப்போடு வந்தான். தண்ணீர் வந்ததா என்று அவள் கேட்டால், ஒரு சொட்டு இல்லை என்றான். சின்ன மகளைத் தூக்கி மேலே எறிந்து பிடித்து, "அப்பா, இன்னைக்கு உனக்கு ஈரல்" என்று கொஞ்சினான். செத்துப்போன தன் அப்பாவின் பெயரை அந்தக் குழந்தைக்கு வைத்திருந்ததால் அவளை அவன் அப்பா என்றுதான் கூப்பிடுவான். சபீனாவும் அவளை மாமா என்றுதான் கூப்பிட்டாள். மாமாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வீடு வீடாக இருந்தது. புதுத் தையல் பிடித்துவிட்டது என்று சபீனா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு காற்று நின்றது. கடல் அசையாமல் கிடந்த ஒரு நாளில் போவாஸ் வெறுங்கையோடு திரும்பி வந்தான். முகம் வெளிறி, வாய் உலர்ந்து போயிருந்தது.

"மறுபடியும்" என்றான். "இந்தத் தடவை இடுப்பு வரைக்கும்."

சபீனா ஓடிப்போய்ப் பார்த்தாள். மான்தோல் காய்ந்திருந்தது.

இப்போது அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அலை அடித்து நொறுக்குகிற நாளில் ஒழுகாத தையல், எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கிற கடலில் எப்படி ஒழுகும்? அமைதியான நாளில் வெயில் அதிகம், வெயிலில் தோல் இளகி, தையல் வாய் திறந்துவிடுமோ? அப்படியென்றால் ஊரில் மற்ற கயாக்குகள் ஏன் இளகவில்லை? கொழுப்பு தடவியது போதவில்லையோ? இன்னொரு பூச்சு பூசினாள். நூல்தான் கெட்டதோ? நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள், பல் ஆடியது, நூல் அறவில்லை. தன் கண்ணே மங்கிவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது. தூரத்து மலையில் இருக்கிற கல்லை எல்லாம் எண்ணிப் பார்த்தாள். கண் நன்றாகத்தான் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது இன்னும் குழப்பமாகப் போயிற்று.

பயம் என்னவென்றால் இதுதான். தன் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை அந்தக் கயாக்கில் இருக்கிறது. இன்றைக்கு இடுப்பு வரைக்கும் வந்த தண்ணீர் ஒருநாள் கழுத்து வரைக்கும் வரும். அன்றைக்குப் போவாஸ் திரும்பி வரமாட்டான். அவனைத் தன் கையாலேயே கொன்றதாக ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் உபதேசியாரிடம் மெதுவாகப் போய்ச் சொன்னாள். அவர் சமாதானமாகத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "காப்பியைக் குறைக்கச் சொல்லு. காப்பியும் புகையிலையும் சேந்தா இப்படித்தான் ஆகும்னு டாக்டருங்க சொல்றாங்க" என்றார்.

"கயாக்குக்கு நான் காப்பி ஊத்தலையே, உபதேசியாரே."

அவர் இருமினார். பாட்டுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் காப்பியை நிறுத்திப் பார்த்தாள். ஆளுக்கு ஆள் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பொறுக்க முடியாமல், எல்லாரும் கரையில் இருந்த ஒரு காலைநேரம் பார்த்து, சபீனா கயாக்கைப் புல்தரைக்கு இழுத்து வந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாய்க்குள் ஊற்றினாள். முழுக்க நிரப்பினால் விலாக்கட்டை முறிந்துவிடும். ஆகவே பாதி ஊற்றி, ஒரு முனையைக் கல்மேல் தூக்கி வைத்தாள். தண்ணீர் மறுமுனைக்கு ஓடியது. பிறகு அந்த முனையைத் தூக்கினாள். உள்ளே தண்ணீர் குலுங்கியது. வெளியே கசிவு இருந்தால் கறுத்த தோலின்மேல் முத்து முத்தாக நிற்க வேண்டும்.

ஊரே கூடிவிட்டது. அமாலியா குனிந்து, தையல் நெடுக விரலால் தடவிக்கொண்டே போனாள். அவள் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை, மூலை முடுக்கெல்லாம் தடவினாள். கடைசியில் விரலைத் தூக்கிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"ஒரு சொட்டு கூட இல்ல" என்றாள் அமாலியா, மனசே வராமல்.

சபீனா நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தாள். கெட்டிக்காரி என்று சொல்ல வேண்டாம், ஒரு சிரிப்பாவது சிரிக்கலாமே. யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், குழாயைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். போவாஸ் மலைப்பக்கம் பார்த்தபடி நின்றான்.

"அப்ப தண்ணி எங்கிருந்துதான் வருது?" என்று அவள் பொதுவாகக் கேட்டாள். ஜெயித்தவள் தோற்றவள் மாதிரி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தீத்துஸ் அவளைக் கறி காயப்போடும் பந்தலுக்குப் பின்னால் மறித்தான்.

"நீ அந்தத் தண்ணியை ஊத்தியிருக்கக் கூடாது, சபீனா."

"ஏன் அத்தான்? என் பேரு நாறிக்கிட்டே கிடக்கணுமா?"

"தையல்ல ஓட்டைன்னா தைச்சிரலாம். இப்ப ஓட்டை தையல்ல இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

தீத்துஸ் கீழே கிடந்த சுள்ளியை எடுத்து ஒடித்தான். "காத்தே இல்லாத நாளு. வெயில் மூஞ்சியில அடிக்கும். கடல் எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. கடல்நாய் தலை தூக்குதான்னு அசையாம உக்காந்து பாத்துக்கிட்டே இருப்ப. திடீர்னு கயாக்கோட மூக்கு எங்கேயோ தூரத்துக்குப் போயிரும். அடியில இருந்து தண்ணி ஏறும். ஏறலன்னு தெரியும். ஆனா ஏறும். கையை அசைச்சா கவுந்துருவோம்னு தோணும். அசையாமலே கிடந்து கிடந்து, ஒருநாள் நிஜமாவே கவுந்துருவோம்."

சபீனாவுக்கு அந்தத் தலைசுற்றலைப் பற்றித் தெரியாமல் இல்லை. அவள் ஊரிலும் அது வந்து கடலையே விட்ட ஆட்கள் உண்டு. ஆனால் அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு வருவது என்று நினைத்திருந்தாள். புயலில் இறங்குகிற போவாஸுக்கு வரும் என்று அவளுக்குக் கனவில்கூடத் தோன்றவில்லை. தன் தையலைத்தான் சந்தேகப்பட்டாளே தவிர அவனைச் சந்தேகப்படவில்லை.

"உங்களுக்கு வந்திருக்கா அத்தான்?"

அவன் ஒடித்த சுள்ளியைத் தூர எறிந்தான். "பக்கத்துல இன்னொரு கயாக் இருந்தா போதும். ஆள் குரல் கேட்டாலே தெளிஞ்சிரும். நான் வரேன்னு அவன்கிட்டச் சொல்லியும் பாத்தேன். என் பொண்டாட்டி தைச்சது ஒழுகுது, அதுக்கு நீ எதுக்குன்னு கேட்டான். இனிமே அந்தப் பேச்சுக்கும் வழியில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேளு. உனக்கு இதுதான்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிராத. சொன்னா ஆம்பளை ரெண்டுல ஒண்ணு பண்ணுவான். கடலை விட்டுட்டுச் சுவரைப் பாத்து உக்காந்துருவான். இல்லன்னா, எனக்கு அதெல்லாம் இல்லன்னு காட்டத் தனியாப் போவான்."

சபீனா தலையாட்டினாள். ஆட்டிய தலையோடு வீட்டுக்குப் போய், பாதி நாள் பொறுத்துப் பார்த்தாள். அவளால் முடியவில்லை. என்ன செய்ய, ஊசியைத்தான் அவளால் வெளியே எட்டிப்பார்க்காமல் வைத்திருக்க முடியும்.

"இனிமே காத்தில்லாத நாள்ல தனியாப் போகாத" என்றாள். "உனக்குத் தலைசுத்துது. தண்ணியெல்லாம் இல்ல."

போவாஸ் தின்றுகொண்டிருந்த காய்ந்த மீனைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான்தான் தண்ணி ஊத்திப் பாத்தேனே."

"உனக்குத் தையல் தெரியும். கடல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

அடுத்த காலை சபீனா ஓடையிலிருந்து தண்ணீரோடு திரும்பி வந்தபோது கல்மேடை வெறுமையாக இருந்தது. கடல் கண்ணாடியாகக் கிடந்தது. ஒரு காக்கை பறந்தால் அதன் நிழலும் கூடவே பறந்தது. அவள் வாளியை வாசலில் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். மற்ற ஆண்கள் மான் வேட்டைக்கு, மலைகளுக்கு நடுவே கடல் நுழைகிற ஃபியோர்டின் உள்பக்கம் போயிருந்தார்கள். கரும்பழம் பறிக்கத் தீவுக்குப் புறப்பட்ட பெண்கள், தங்கள் பெரிய தோல்படகில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் துடுப்பு வலிப்பார்கள், பின்னால் ஒரு ஆண் உட்கார்ந்து திசை பிடிப்பான். அன்றைக்குத் திசை பிடித்தவன் தீத்துஸ்.

சபீனா ஏறி உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தாள். "அத்தான், தீவுக்கு வேண்டாம். வெளிக்கடலுக்கு."

தீத்துஸ் கல்மேடையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பழம் பறிக்க வந்தோமா, உன் புருஷனைப் பறிக்க வந்தோமா?" என்றாள் அமாலியா. கேட்டது அப்படி. ஆனால் துடுப்பை எல்லாருக்கும் முன்னால் தண்ணீரில் போட்டவளும் அவள்தான். படகின் விலாக்கள் முனகும்படி வலித்தாள்.

கடைசித் தீவைத் தாண்டியதும் வெயில் கண்ணைக் குத்தியது. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாக இருந்தன. அந்த வெள்ளையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசையாமல் இருந்தது. நெருங்கினார்கள். போவாஸ் துடுப்பைக் குறுக்கே வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல்கள் வெளுத்திருந்தன. கண் கயாக்கின் மூக்கைவிட்டு நகரவில்லை. தீத்துஸ் கூப்பிட்டான். அவன் திரும்பவில்லை.

"போவாஸ்" என்றாள் சபீனா.

உதடு மட்டும் அசைந்தது. "கிட்ட வராத. தண்ணி மாருக்கு வந்துருச்சு. அசைஞ்சா போயிருவேன்."

கயாக்கின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்க, அது இலேசாக மிதந்துகொண்டிருந்தது. படகில் இருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

"தண்ணி இல்லடா தம்பி" என்றான் தீத்துஸ். "பாரு, மேலதான் மிதக்குது. குரல் கேக்குதுல்ல? நாங்க இருக்கோம்."

"இல்லன்னு சொல்லாத." போவாஸ் துடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். துடுப்பின் ஒரு முனை தண்ணீரைத் தொட்டது. கயாக் ஒருபக்கம் சாய்ந்தது. "எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்றீங்க. நான் முழுகிக்கிட்டிருக்கேன்."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சபீனாவுக்கு அப்போது இதுதான் உறைத்தது: அவன் தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருக்கிறது. அது இல்லாத வெள்ளம் என்று சொல்வதால் அவனுக்கு ஒரு உபயோகமும் இல்லை. இன்னும் இரண்டு தடவை இல்லை என்று சொன்னால் அவன் கவிழ்ந்துவிடுவான். அவன் நம்புகிற மாதிரி சொல்ல அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அமாலியாவுக்கு முன்னால், தோலைத் தூக்கிக்கொண்டு தன் வாசலுக்கு வருகிற இத்தனை பெண்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். நேற்றுத்தான் ஊரையே கூட்டி வைத்துத் தன் பேரைக் காப்பாற்றியிருந்தாள்.

"ஆமா, தண்ணி வருது" என்றாள். "நான் பாக்குறேன். பின்பக்கம் கீழ்த்தையல் விட்டிருக்கு."

படகில் இருந்த பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் சரியாத் தைக்கல. என் மேலதான் தப்பு. நேத்து ஊத்துனப்பவே கொஞ்சம் கசிஞ்சுது, நான் மறைச்சிட்டேன்."

போவாஸின் கண் முதல் தடவையாகக் கயாக்கின் மூக்கைவிட்டு நகர்ந்தது. மெதுவாக அவள் பக்கம் வந்தது.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். முழுகுறதுக்குள்ள இங்க ஏறு. கையைக் கொடு."

அவன் துடுப்பிலிருந்து ஒரு கையைப் பிரித்து நீட்டினான். சபீனா அதைப் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் அவன் மணிக்கட்டு அப்புறம் பல நாள் கன்றிப்போய்க் கிடந்தது. தீத்துஸ் எட்டி, சட்டை விளிம்பின் கட்டை அவிழ்த்தான். இரண்டு பெண்கள் கயாக்கைப் படகோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள். பழக்கூடைகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தான். அவன் கால் இரண்டும் காய்ந்திருந்தன. அவன் இன்னும் அவற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தலையைத் தூக்கிக் கயாக்கைத் தேடினான். வாய் திறந்த கயாக் பக்கத்திலேயே நின்றது. எட்டிப் பார்த்தால் உள்ளே மான்தோல் காய்ந்து கிடப்பது தெரியும். சபீனாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது அமாலியா எழுந்தாள். காப்பி குடிக்கிற தகரக் குவளையை எடுத்துக்கொண்டு, படகின் விளிம்பில் முட்டி போட்டு, கயாக்கின் வாயைத் தன் பெரிய உடம்பால் மறைத்துக்கொண்டு குனிந்தாள். குவளையை உள்ளே விட்டாள். ஒன்றுமில்லாததை மொண்டாள். கடலில் வீசினாள். மறுபடி மொண்டாள், மறுபடி வீசினாள்.

"அடேயப்பா, எவ்வளவு தண்ணி" என்றாள். "பேர் பெத்த தையல் இதுதானா தங்கச்சி? இன்னொருத்தியா இருந்தா வெக்கத்துல கடல்லயே குதிச்சிருப்பா."

"தள்ளுங்கக்கா, நானும் இறைக்கிறேன்" என்று இன்னொருத்தி காப்பிப் பாத்திரத்தோடு வந்தாள். இரண்டு பேருமாகக் காற்றை இறைத்தார்கள். தீத்துஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தான். சபீனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள். போவாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவள் பெயர் கெட்டது கெட்டதுதான். காற்றில்லாத நாளில் போவாஸ் கயாக்கைத் தூக்கினால் யாராவது ஒருவன் தன் கயாக்கையும் தூக்குவான். "உன் வீட்டுக்காரி தையலை நம்பி உன்னைத் தனியா விட முடியுமா? இரு, நானும் வரேன்" என்பான். போவாஸும் காத்திருப்பான். துணைக்கு ஆள் வேண்டும் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை, ஊரும் அவனைக் கேட்க வைக்கவில்லை. கல்யாண வீட்டில், கடை வாசலில், ஓடையில், ஓட்டைத் தையல்காரி என்று கேலி பேசாதவர்கள் கிடையாது. பேசின வாயோடு வசந்தம் வந்ததும் தோலைச் சுருட்டிக்கொண்டு அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். தீத்துஸுக்குப் புதுத் தோல் போட வேண்டி வந்தபோது அமாலியாவே வந்தாள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், ஒழுகுகிறவளிடம் ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒன்றும் புரியாமல் கேட்டுவிட்டாள். "தைக்கத் தெரிஞ்சா கையை ஆட்டு, இல்லன்னா வாயை மூடு" என்றாள் அமாலியா.

சபீனாவுக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு கேலிக்கும் அவளுக்குச் சுருக்கென்றது. சிரித்துக்கொண்டே கேட்டாள், வீட்டுக்கு வந்து சட்டியைப் படாரென்று வைத்தாள். எல்லாவற்றையும்விட ஒன்றுதான் அவளைக் குடைந்தது. போவாஸுக்குத் தெரியுமா, தெரியாதா? அன்றைக்குக் கரையில் இறங்கியதும் அவன் தன் காலைத் தடவிப் பார்த்ததை அவள் கண்டாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. அவன் நம்புகிறானா, நம்புகிற மாதிரி நடிக்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒருநாள் நிஜம் என்றுபடும், மறுநாள் வேஷம் என்றுபடும்.

வருஷங்கள் போய், கிராமபோன் பெட்டி ஊருக்கு வந்து, போவாஸின் தாடியும் நரைத்த பிறகு ஒரு காலை. கடல் அசையாமல் கிடந்தது. தீத்துஸ் முன்பே இறங்கி, தன் கயாக்கில் காத்துக்கொண்டிருந்தான். சபீனா புதிதாகத் தைத்துக் கொடுத்த தோல் போட்ட கயாக்கோடு போவாஸ் தண்ணீர் ஓரம் வரை போனான். போனவன் நின்றான்.

"தையலைப் பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

நேற்று முழுவதும் அதில் கொழுப்பு தடவித் தடவி அவள் விரல் இன்னும் பிசுபிசுத்தது. அதைவிட நல்ல தையலை அவள் தைத்ததில்லை.

"ஒழுகத்தான் செய்யுது" என்றாள். "அத்தான் பக்கத்துலயே போ."

அவன் கயாக்கைத் தண்ணீரில் வைத்தான்.

"சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.